ஹைப்பருக்கும் ஹைப்போவுக்கும் நடுவில் ஓர் எழுத்து

லேப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

ரத்தம் எடுப்பது, குழாயைச் சுழல விடுவது, மிஷினைக் கழுவுவது இதையெல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். முப்பத்தொரு வருஷம் அதையே செய்தவள் நான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வந்துவிடும். நான் சொல்ல வந்தது ஓர் எழுத்தைப் பற்றி. ஒரே ஓர் எழுத்து. 'ர்'. நாகரிகம் என்று நினைத்து அந்த எழுத்தை நான் விழுங்கினேன். அப்புறம் அது எங்கே போய் மாட்டியது, அதை மீட்க இந்த எஸ்தர் அக்கா ஒரு கால் செருப்போடு எப்படி ஓடினாள் என்பதுதான் கதை.

சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்றைக்கு மட்டும்தான் சிரிப்பு வரவில்லை.

கோச்சடைப் பக்கம் ஒரு நடுத்தர மருத்துவமனை. பெயர் வேண்டாம். லேப் தரைக்குக் கீழே, அடித்தளத்தில் இருந்தது. ஆண்கள் வார்டு எதிர்க் கட்டிடத்தில் இரண்டாவது மாடி. இடையில் ஒரு முற்றம். எங்கள் லேப்புக்குள் மொபைலில் சிக்னல் வந்தால் அன்று விசேஷம் என்று அர்த்தம். வார்டோடு பேச மேசை மேல் ஓர் இன்டர்காம் இருந்தது, அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற நாலு வருஷம் இருந்தபோது என் மகள் என் மொபைலில் ஓர் ஆங்கில அகராதியை ஏற்றிக் கொடுத்தாள். வார்த்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும். அதைத் தொட்டால் லண்டனில் இருக்கிற மாதிரி ஒரு பெண் குரல் அந்த வார்த்தையைச் சொல்லிக் காட்டும். நான் மிஷன் பள்ளியில் படித்தவள். நம் ஆங்கிலத்துக்கு என்ன குறைச்சல் என்ற கர்வம் எனக்கு நிறையவே உண்டு. சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று, தினமும் நான் வாயில் போட்டு மெல்லும் வார்த்தையையே தொட்டேன். ஹைப்பர்கலீமியா.

அந்த அம்மாள் சொன்னாள்: "ஹைப்பகலீமியா."

'ர்' எங்கே? மறுபடி தொட்டேன். காணோம். நாக்கில் வைத்த பஞ்சுமிட்டாய் மாதிரி அது கரைந்து போயிருந்தது. இருபத்தேழு வருஷமாக நான் அந்த 'ர்'ரை ஆட்டோ ஸ்டார்ட் பண்ணுவது போல உருட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பழங்காநத்தத்தில் பஸ் ஏறியதும் காதில் ஒயரை மாட்டுவேன். வாய் தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கண்டக்டர் வந்து, "எங்கக்கா போகணும்?" என்றார். நான் இருந்த மயக்கத்தில், "ஹைப்பகலீமியா" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது பைபாஸ் தாண்டியாக்கா வருது? நம்ம வண்டி அங்கன நிக்காதே."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் என் மனசுக்குள், 'ர்' வராமல் சொல்லிவிட்டோம் என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

சொல்லைப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் கூடவே தொற்றிக்கொண்டது. பொட்டாசியத்துக்கு 'பி' என்று போடாமல் 'கே' என்று ஏன் போடுகிறார்கள் என்று பள்ளியிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம். அதற்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. கடலோரத்து உப்புச் செடிகளை எரித்து எடுத்த சாம்பலுக்கு அரபியில் 'கலீ' என்று பெயராம். அதிலிருந்து 'கேலியம்', அதன் முதல் எழுத்து 'கே'. பொட்டாசியம் என்பதும் சாம்பல்தான். பானையில் கரைத்துக் காய்ச்சிய சாம்பல், 'பாட் ஆஷ்'. நம் வீட்டில் பாத்திரம் தேய்த்த சாம்பல், பேர் மாற்றிக்கொண்டு லேப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது! 'ஹைப்பர்' என்றால் கிரேக்கத்தில் மேலே. 'ஹைப்போ' என்றால் கீழே. கடைசியில் வரும் 'ஈமியா' ரத்தம், அதுவும் கிரேக்கம். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் ஹைப்பர்கலீமியா, குறைந்தால் ஹைப்போகலீமியா. ஹை, பர், க, லீ, மி, யா. ஆறு அசை.

வாரத்துக்கு ஒரு நாள் செவிலியர்களுக்கு வகுப்பு நடக்கும். அந்த வாரம் நான் கேட்டு வாங்கி எடுத்தேன். கரும்பலகையில் வார்த்தையை மூன்று துண்டாக வெட்டிப் போட்டு, "பஸ்ல மூணு பேர் சீட் மாதிரி. ரெண்டு ஓரத்துலயும் கிரேக்கம், நடுவுல அரபி" என்றேன்.

என்னோடு லேப்பில் வேலை பார்க்கும் காதர் பாய் பின்வரிசையிலிருந்து, "அப்ப நடுவுல நசுங்குறது நம்ம ஆளுன்னு சொல்லுங்க" என்றார். ஒரே சிரிப்பு.

சிரிப்பு அடங்குமுன் நான் உச்சரிப்புக்கு வந்தேன். ஒவ்வொருவராக எழுப்பிச் சொல்லச் சொன்னேன். ஆண்கள் வார்டில் இருந்த பாண்டீஸ்வரியின் முறை வந்தது. செக்கானூரணிப் பெண். வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் 'ஹைப்பர்' என்றாள். 'ர்' சும்மா கணீரென்று விழுந்தது.

"ஆர் சத்தம் வரக் கூடாது பாண்டி. அது எழுதத்தான். சொல்றதுக்கு இல்ல."

"சொல்லாத எழுத்த எதுக்குக்கா எழுதணும்?"

"இங்கிலீஷ் அப்படித்தான்."

"நான் ஹைப்பர்னே சொல்லிட்டுப் போறேனேக்கா. அதுல என்ன கெட்டுப் போச்சு?"

ஒன்றும் கெட்டுப் போகாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அவளை நிற்க வைத்து, அந்த 'ர்' உதிரும் வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். கடைசியில் அவள் முகம் சிவந்து, சன்னக் குரலில், "ஹைப்பகலீமியா" என்றாள். நான் கை தட்டினேன். எல்லோரையும் தட்டச் சொன்னேன்.

அதற்கு அடுத்த வாரம், காலை பத்தரை மணி இருக்கும். ஆண்கள் வார்டிலிருந்து ஒரு ரத்தக் குழாய் வந்தது. பன்னிரண்டாம் படுக்கை. அவர் பெயரைக் கருத்தப்பாண்டி என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் உண்மைப் பெயரை இந்தத் தொழிலில் யாரிடமும் சொல்லக் கூடாது, அதையும் நினைவில் வையுங்கள். நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம். சர்க்கரை நோய் உண்டு. இரண்டு நாளாக வாந்தி, கை கால் துவண்டு போய், மனைவி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது என்று மிஷின் காட்டியது. ஐந்தைத் தாண்டினாலே நாங்கள் புருவத்தைத் தூக்குவோம். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தாலும் இப்படிக் காட்டும் என்பதால், குழாயில் மேலே தெளிந்த நீர் சிவந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இன்னொரு முறை ஓட்டினேன். அதே ஆறு ஒன்பது. இந்த அளவு போனால் இதயம் எந்த நிமிஷமும் தாளம் தப்பலாம், நின்றும் போகலாம்.

இன்டர்காமை எடுத்தேன். மறுமுனையில் பாண்டீஸ்வரி.

அந்த ஒரு நொடி எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கூச்சத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். 'ஆகா, நம் மாணவி!' என்று தோன்றியது. குரலைச் சரி செய்துகொண்டேன்.

"லேப்ல இருந்து பேசுறேன். உங்க பன்னெண்டாம் பெட்டு, ஹைப்பகலீமியா. கேட்டுச்சா? ஹைப்பகலீமியா. ரொம்ப மோசம். டாக்டர்ட்ட உடனே சொல்லிரு. ரிப்போர்ட் பின்னாடியே வருது."

"சரிக்கா."

வைத்துவிட்டேன். 'ர்' ஒரு துளி கூட வரவில்லை. லண்டன் அம்மாளே எழுந்து கை கொடுத்திருப்பாள். அந்தச் சுகத்தில் நாற்காலியில் சாய்ந்தேன்.

அடுத்த மேசையில் கண்ணாடித் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த காதர் பாய் தலையைத் தூக்காமலே கேட்டார்: "யாருக்குக்கா பொட்டாசியம் இறங்கிருச்சு?"

"இறங்கலயே. ஏறிக் கெடக்கு. ஆறு ஒம்போது."

"ஹைப்போன்னுதானே சொன்னீங்க?"

"ஹைப்ப."

"அதான். ஹைப்போ."

"போ இல்ல பாய். ப!"

இப்போது அவர் தலையைத் தூக்கினார். "அக்கா, நான் மூணடி தள்ளி உக்காந்திருக்கேன். எனக்கே போன்னுதான் காதுல விழுந்துச்சு. அந்தப் புள்ளைக்கு அந்த ஓட்டைப் போன்ல என்ன விழுந்திருக்கும்?"

இரண்டு நாள் வாந்தி, துவண்ட கை கால். அப்படி வருகிறவருக்குப் பொட்டாசியம் குறைந்திருக்கும் என்றுதான் எந்த டாக்டரும் முதலில் நினைப்பார். குறைந்தால் என்ன செய்வார்கள்? ட்ரிப்ஸில் பொட்டாசியத்தைக் கலந்து ஏற்றுவார்கள். ஏற்கெனவே ஆறு ஒன்பதில் நிற்கிற மனிதருக்கு!

எண்ணைச் சொன்னேனா? சொல்லவில்லை. இருபத்தேழு வருஷ அனுபவம் உள்ளவள், ஆறு ஒன்பது என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எந்தக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். எனக்கு அந்தப் பெரிய வார்த்தையைச் சொல்லும் ஆசை, எண்ணையே மறக்கடித்துவிட்டது.

இன்டர்காமை அழுத்தினேன். எங்கேஜ்டு. மறுபடி. எங்கேஜ்டு. டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஹைப்போ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்கக்கா" என்றார் காதர் பாய்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், பிள்ளைகளே. அவசரத்தில் போனைக் கையில் வைத்திருப்பவருக்கு, தான் ஏதோ செய்துகொண்டிருப்பது போலவே இருக்கும். எங்கேஜ்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதும் ஒரு வேலை போலத் தோன்றும். நான் இன்னும் இரண்டு தடவை அழுத்தியிருந்தால் ஒரு நிமிஷம் போயிருக்கும். ரிசீவரைக் காதர் பாயிடம் திணித்தேன்.

"நீங்க இதுலயும் போடுங்க, வாசலுக்குப் போயி உங்க செல்லுல டியூட்டி டாக்டருக்கும் போடுங்க. நான் போறேன்."

"எங்க போறீங்க?"

"ஓடப் போறேன்!"

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது நடந்துகொண்டிருந்தது. மூட்டு வலிக்குத் தைலம் தடவுகிறவள். கடைசியாக ஓடியது எப்போது என்று கேட்டால் பள்ளி விளையாட்டு விழா என்றுதான் சொல்ல வேண்டும். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.

முற்றத்துக்கு வந்தால், கை கழுவும் விழிப்புணர்வு நாள்! நர்சிங் மாணவிகள் நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் தப்படிக்கிறார்கள். சுற்றி நூறு பேர் கூட்டம். நடுவில் ஒரு பெண் பச்சைச் சேலை சுற்றி, உடம்பெல்லாம் பச்சைப் பலூன் கட்டிக்கொண்டு, "நான்தான் கிருமி! என்னை யாராலும் அழிக்க முடியாது!" என்று ஆடிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிருமியின் ஊடேதான் எனக்குப் பாதை.

"தள்ளு! தள்ளு! தள்ளு!" என்று நான் பாய்ந்தேன். கிருமியின் மேல் நேராக மோதினேன். பட் பட் என்று நாலைந்து பலூன் வெடித்தது. கூட்டம் விசிலடித்தது. நானும் நாடகத்தில் ஒரு பாத்திரம் என்று நினைத்துவிட்டார்கள். யாரோ ஒருவர், "சோப்பு வந்திருச்சுடோய்!" என்றார். தப்படிக்கிற பெண்கள் வேறு எனக்காக அடியை வேகப்படுத்தினார்கள். வலது கால் செருப்பு கிருமியின் காலடியில் கழன்று நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. லிஃப்ட் வாசலில் ஒரு ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. படிக்கட்டையே பிடித்தேன். நாற்பத்தெட்டுப் படி. அன்று மாலைதான் எண்ணிப் பார்த்தேன்.

ஒவ்வொரு படிக்கும் ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என் வாய் என்ன சொல்லிக்கொண்டிருந்தது தெரியுமா? "ஹைப்பர்! ஹைப்பர்! ஹைப்பர்!" 'ர்' கொள்ளையாக வந்தது.

வார்டுக்குள் நுழைந்தேன். பன்னிரண்டாம் படுக்கைக்கு மேல் பாட்டில் தொங்குகிறது. குழாய் அவர் கையில் ஏறியிருக்கிறது. படுக்கையை ஒட்டி நர்ஸ் மேசை. அங்கே பாண்டீஸ்வரி ஒரு காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் எண்ணைக் குத்து குத்து என்று குத்திக்கொண்டிருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் அவள் கத்தினாள்: "அக்கா! உங்களுக்குத்தான் எம்புட்டு நேரமாப் போடுறேன்! லேப்பு லைன் எங்கேஜ்டாவே இருக்கு!"

"உன் லைன்தான்டி எங்கேஜ்டு!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம். நான் ஓடி வந்த நேரத்தில் காதர் பாய் வாசலுக்கு ஓடியது போக மீதி நேரமெல்லாம் வார்டுக்கு அடித்துக்கொண்டிருக்க, அவள் விடாமல் லேப்புக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்கு மூச்சு வரவில்லை. பாட்டிலைக் காட்டிக் கையை ஆட்டினேன். "திறந்துட்டியா?"

"இல்லக்கா. மூடித்தான் வச்சிருக்கேன்."

அப்படியே பக்கத்துக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கட்டில்காரர் பாவம், காலை மடக்கி இடம் விட்டார்.

"ஆறு ஒம்போது" என்றேன். "கூட. கூட இருக்கு. கழட்டிரு."

அவள் கை மின்னலாகப் போய்க் குழாயைக் கழற்றியது. அதற்குப் பிறகுதான் பேசினாள். "டாக்டர் போன்ல பொட்டாசியம் ஏத்தச் சொல்லிட்டாருக்கா. மாட்டிட்டேன். சொட்டுத் திறக்கப் போகயில, இவரு ஒண்ணுக்குப் போனாரான்னு இந்தம்மாட்ட கேட்டேன். நேத்துப் பொழுது சாயப் போனதோட சரின்னாங்க. மூத்திரம் போகாத ஆளுக்குப் பொட்டாசியம் ஏத்தக் கூடாதேக்கா, வெளிய போக வழி இல்லாம அது உள்ளயே சேருமே. டாக்டரைக் கூப்பிட்டேன், எடுக்கல. சரி, நம்பரு எவ்வளவுன்னு உங்கட்டயே கேப்போம்னு..." அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க நம்பரே சொல்லலியேக்கா."

யாரை நான் வகுப்பில் நிற்க வைத்தேனோ அந்தப் பெண், என் தப்பை நான் வந்து சேருமுன்னரே பிடித்து நிறுத்தியிருந்தாள். நான் ஓடாமல் இருந்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பார். இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன். என் ஓட்டத்தைவிட அவள் கேட்ட ஒரு கேள்விக்கு வேகம் அதிகம்.

டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். காதர் பாயின் செல் அழைப்பு ஒருவழியாகக் கிடைத்திருந்தது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டரின் முகத்தில் ரத்தம் வற்றியது. அடுத்த ஒரு மணி நேரத்தை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பது அவர்கள் தொழில், எனக்குத் தெரிந்தது இரண்டே வரி. ஊசிகள் போட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்து நான் மறுபடி பார்த்தபோது ஆறு ஒன்பது, ஐந்து ஏழாக இறங்கியிருந்தது.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. கருத்தப்பாண்டியின் மனைவியை வீரம்மா என்று வைத்துக்கொள்வோம். அவர் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டிய பாட்டிலை ஏன் கழற்றினார்கள், ஒரு பொம்பளை ஏன் ஒத்தைச் செருப்போடு வந்து விழுந்தாள் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? டாக்டர் என் காதருகே, "நீங்க கீழ போங்க எஸ்தர் மேடம், நான் பாத்துக்குறேன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். போயிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் இறங்கவில்லை. வீரம்மாவிடம் போனேன்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ரத்தத்துல ஒரு உப்பு கூடிப் போச்சு. நான் போன்ல சொன்னது குறைஞ்சு போச்சுன்னு காதுல விழுந்துருச்சு. தப்பு என்னோடது. இந்தப் பொண்ணுதான் தடுத்தது. மருந்து உள்ள போகல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வெறுங்காலையும் பார்த்தார். அடிப்பாரோ என்றுகூடத் தோன்றியது.

"என்ன உப்பு அது?"

எனக்குப் புத்தி எங்கே போகும்! "கலின்னு பேரும்மா. சாம்பல்ல இருக்கும்."

"கலியா?" வீரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அது இந்த மனுசனுக்கு எப்பவோ முத்திப் போச்சே தாயி! கலி முத்திப் போச்சுன்னுதான் நான் தெனமும் சொல்லிக்கிட்டே இருக்கேன். நீங்க இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சீகளா?"

பாண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. மூச்சு விடவே சிரமப்பட்டுக்கொண்டிருந்த கருத்தப்பாண்டி கண்ணைத் திறந்து, "பாத்தீகளா டாக்டரு, சாகக் கெடக்கயிலயும் விட மாட்டேங்குறா" என்றார். அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில், எது எதென்று பிரிக்கத் தெரியவில்லை.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இவருக்கு என்னம்மா குடுத்தீங்க ரெண்டு நாளா?"

"வாந்தியாச்சேன்னு எளநீதான் குடுத்தேன். நம்ம தோப்புக் காய்தான்."

"எம்புட்டு?"

"அஞ்சு, ஆறு."

"ரெண்டு நாளைக்கா?"

"ஒரு நாளைக்குய்யா."

இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு அது வெளியேறாமல் தேங்கிவிடும். சர்க்கரை அவர் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. அந்த நாள் அதையும் கண்டுபிடித்துக் கொடுத்தது.

மதியம் நானே என் கையால் நடந்ததை எழுதி, சூப்பரின்டெண்டன்ட் மேடத்தின் மேசையில் வைத்தேன். கண்டிப்பானவர். சாதாரணமாக அவர் அறைக்குள் யாரும் தும்மக் கூட மாட்டார்கள். முழுவதும் படித்தார். பிறகு, "இப்ப சொல்லுங்க" என்றார்.

"என்ன மேடம்?"

"அந்த வார்த்தைய. நீங்க போன்ல சொன்ன மாதிரியே."

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொன்ன."

"ஹைப்போகலீமியா."

"ஹும்" என்றார். "உலகத்துல பாதிப் பேரு அந்த ஆரைச் சொல்லத்தான் செய்றாங்க எஸ்தர். நீங்க எதுக்கு மத்தப் பாதியப் போய்ப் பிடிச்சீங்க?"

சஸ்பென்ஷன் வரும் என்று காத்திருந்தேன். அவர் கொடுத்த தண்டனை வேறு. வெள்ளிக்கிழமை எல்லா ஊழியர்களையும் கூட்டினார். என்னை வார்டு மறைப்புத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, இரண்டு வார்த்தையையும் மாற்றி மாற்றி, அதே லண்டன் பாணியில் பத்துத் தடவை சொல்ல வைத்தார். எல்லோரும் காதில் விழுந்ததைத் தாளில் எழுத வேண்டும். டாக்டர்கள், நர்ஸ்கள், ஆபீஸ் கிளார்க்குகள் வரை. திரைக்குப் பின்னால் நின்று நான் தொண்டை வறளக் கூவினேன்.

தாள்களைத் திருத்தினார்கள். பத்துக்குப் பத்து வாங்கியவர் ஒருவரும் இல்லை. காதர் பாய் மூன்று. டியூட்டி டாக்டர் ஐந்து. மேடம் தன் தாளைத் தானே திருத்தி, இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலு" என்றார். முதலில் யாருக்கும் சிரிக்கத் துணிச்சல் வரவில்லை. மேடமே சிரித்த பிறகு மண்டபம் அதிர்ந்தது. வார்த்தையைச் சொன்ன எனக்கே, ஏழாவது தடவை எதைச் சொன்னேன் என்று சந்தேகம் வந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே மூன்று வரியில் ஒரு விதி எழுதி எல்லா இன்டர்காமுக்கு மேலும் ஒட்டினார்கள். முதலில் எண்ணைச் சொல், ஒவ்வொரு இலக்கமாக. அடுத்து கூடவா கம்மியா என்று தமிழில் சொல். கேட்டவர் திருப்பிச் சொல்லும் வரை போனை வைக்காதே. மூன்றாவது வரியைச் சேர்க்கச் சொன்னது பாண்டீஸ்வரி.

வார்த்தைகள் மேல் எனக்கு இருக்கும் பைத்தியம் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. நீங்களும் பிரித்துப் பாருங்கள். எது கிரேக்கம், எது அரபி, எந்தச் சாம்பல் எந்தக் கப்பலில் வந்து சேர்ந்தது என்று தோண்டிப் பாருங்கள், அதில் இருக்கிற சந்தோஷமே தனி. ஒரு வார்த்தை எங்கிருந்து வந்தது என்பது உங்கள் ரசனை. அது எங்கே போய்ச் சேருகிறது என்பது உங்கள் வேலை. இரண்டும் ஒன்றோடொன்று மோதினால் வேலைதான் ஜெயிக்க வேண்டும். அழகாகச் சொல்லிவிட்டோம் என்று உங்களுக்கே தோன்றும் கணத்தில் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். காதில் விழுந்தது என்ன என்று கேட்டவரிடமே கேளுங்கள்.

விதி ஒட்டி இரண்டு வாரம் இருக்கும். பெண்கள் வார்டில் ஒரு பாட்டிக்குச் சோடியம் ரொம்பவும் இறங்கியிருந்தது. அன்று பாண்டீஸ்வரிக்கு அங்கே மாற்று டியூட்டி. இன்டர்காமை எடுத்தேன்.

"பாண்டி, மூணாம் பெட்டு. சோடியம். ஒண்ணு, ஒண்ணு, நாலு. நூத்திப் பதினாலு. கம்மி."

"மூணாம் பெட்டு. சோடியம். ஒண்ணு, ஒண்ணு, நாலு. கம்மி. சரியாக்கா?"

"சரி."

"வச்சிரவாக்கா?"

"வைக்காத. இன்னொரு தடவை சொல்லு."

அவள் சொன்னாள். நானும் திருப்பிச் சொன்னேன். அவள் மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. இரண்டு கட்டிடங்களில் உட்கார்ந்து, ஒண்ணு ஒண்ணு நாலு, ஒண்ணு ஒண்ணு நாலு என்று இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பதைக் காதர் பாய் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "அக்கா, டாக்டர் வந்துட்டாரு, வாரேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பாட்டி பிழைத்துக்கொண்டார்.